மெர்சி ஷிப்ஸ் மருத்துவ ஊழியம்: சேர நினைப்பவர்களுக்கு ஒரு மதிப்பீடு

வெளிநாட்டு மருத்துவ ஊழியப் பயணம் என்று திருச்சபைகளின் வழியாக வரும் அழைப்புகளில் பலவும் ஒரே அச்சில் வார்த்தவை. பத்து நாளோ இரண்டு வாரமோ ஒரு கிராமத்தில் தங்கி, காலையில் ஜெபக்கூட்டம் நடத்தி, அதன்பின் வரிசையில் நிற்பவர்களுக்கு இரத்த அழுத்தம் பார்த்து, குடற்புழு மாத்திரையும் வைட்டமினும் கொடுத்துவிட்டு விமானம் ஏறுவார்கள். சர்க்கரையோ இரத்த அழுத்தமோ உள்ளவருக்கு ஒரு மாத மாத்திரை கொடுத்தால், இரண்டாம் மாதம் அவர் பழைய நிலைக்கே வந்துவிடுவார். ஆப்பிரிக்கத் துறைமுகங்களில் மருத்துவமனைக் கப்பல்களை நிறுத்திப் பணியாற்றும் மெர்சி ஷிப்ஸ் என்ற கிறிஸ்தவ அமைப்பு இந்தக் குறையிலிருந்து பெருமளவு தப்பியிருக்கிறது. அதற்குக் காரணம், அது எந்த நோய்களைக் கையில் எடுக்கிறது என்பதுதான்.

உதட்டுப் பிளவு, கண்புரை, தீக்காயத் தழும்பால் மடங்கி ஒட்டிக்கொண்ட கைகால்கள், கழுத்துக் கழலை, குழந்தைகளின் வளைந்த கால்கள், நீடித்த பிரசவ வேதனைக்குப் பின் சிறுநீர் கசிந்துகொண்டேயிருக்கும் ஃபிஸ்டுலா ஆகியவையே இங்கு பெரும்பாலும் சிகிச்சை பெறுகின்றன. முறையாகச் செய்த ஓர் அறுவை சிகிச்சையும், அதைத் தொடர்ந்த சில வாரக் கவனிப்புமே இவற்றில் பெரும்பாலானவற்றைத் தீர்த்துவிடும். தாடையில் வளரும் அமலோபிளாஸ்டோமா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இது பெரும்பாலும் புற்றுநோய் அல்லாத கட்டிதான். மருத்துவ வசதியுள்ள ஊரில் பல் மருத்துவர் எக்ஸ்ரேயில் கண்டு சிறிதாக இருக்கும்போதே அகற்றிவிடுவார். வசதியில்லாத இடத்திலோ அது ஆண்டுக்கணக்கில் வளர்ந்து, முகத்தைச் சிதைத்து, உண்ணவும் மூச்சுவிடவும் முடியாத நிலைக்குக் கொண்டுபோய்விடுகிறது. 1980களின் பிற்பகுதியில் கப்பலில் சேர்ந்த அமெரிக்க அறுவை மருத்துவர் கேரி பார்க்கர், கப்பலிலேயே குடும்பமாக வாழ்ந்து பல பத்தாண்டுகளாக இத்தகைய கட்டிகளை அகற்றி வந்திருக்கிறார். பாதுகாப்பான, செலவு தாங்கக்கூடிய அறுவை சிகிச்சை உலகில் 500 கோடிப் பேருக்கு எட்டவில்லை என்று லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2015இல் கணித்தது. அந்தப் பள்ளத்தைக் கப்பல்களால் நிரப்பிவிட முடியாது என்றாலும், எந்த இடத்தில் மண் கொட்ட வேண்டும் என்பதை இவர்கள் சரியாகவே கண்டிருக்கிறார்கள்.

டான், டேயோன் ஸ்டீஃபன்ஸ் தம்பதியினர் 1978இல் தொடங்கிய இந்த அமைப்பு, முதலில் ஒரு பழைய இத்தாலியப் பயணிகள் கப்பலை வாங்கி அனஸ்டாசிஸ் என்ற பெயரில் மருத்துவமனையாக மாற்றியது. டென்மார்க்கில் ரயில் பெட்டிகளை ஏற்றிச் சென்றுகொண்டிருந்த படகிலிருந்து உருவான ஆப்பிரிக்கா மெர்சி 2007இல் பணிக்கு வந்தது. மருத்துவமனைக்கென்றே சீனாவில் கட்டப்பட்டு 2021இல் கைக்கு வந்த குளோபல் மெர்சி 174 மீட்டர் நீளமும், 6 அறுவை அரங்குகளும், சுமார் 200 படுக்கைகளும் கொண்டது. தடையில்லா மின்சாரம், சுத்தமான நீர், ஆக்சிஜன், ஸ்கேன் கருவி, கிருமி நீக்கிய கருவிகள் ஆகிய அனைத்தையும் தன்னோடு கொண்டுவருவதால், மின்வெட்டுள்ள நகரத்திலும் அறுவை சிகிச்சை நிற்காமல் நடக்கிறது. ஒரு துறைமுகத்தில் ஏறத்தாழ பத்து மாதம் நிற்பதால், சிகிச்சைக்குப் பின் கட்டு மாற்றவும் உடற்பயிற்சி சொல்லித்தரவும் காலம் கிடைக்கிறது. தொலைதூரத்திலிருந்து வரும் நோயாளிகள் குணமாகும் வரை கரையில் தங்கவும் இடம் தரப்படுகிறது. கூடார முகாம்களில் தையல் பிரிக்கும் முன்பே குழு ஊர் திரும்பிவிடுவது உண்டு என்பதால், இந்தப் பத்து மாதத்துக்கு நான் அதிக மதிப்பெண் தருவேன்.

தன்னார்வலருக்கு என்ன செலவு என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். சம்பளம் கிடையாது, பயணச்சீட்டு, தடுப்பூசி, காப்பீடு ஆகியவற்றுக்கு அவரே பொறுப்பு. பெரும்பாலோர் சபையாரிடமும் நண்பர்களிடமும் காணிக்கையாகத் திரட்டியே வருகிறார்கள். அறுவை மருத்துவர்கள் சில வாரங்களுக்கும் வரலாம். செவிலியர்களிடம் பொதுவாக அதைவிட நீண்ட காலம் எதிர்பார்க்கிறார்கள், பதிவுச் சான்றும் அனுபவமும் கட்டாயம். சிறிய அறைகளைப் பகிர்ந்துகொள்ள வேண்டும், தனிமை அரிது. ஆனால் குடும்பத்தோடு வருவோரின் பிள்ளைகளுக்குக் கப்பலிலேயே பள்ளி இருக்கிறது. ஆப்பிரிக்கா மெர்சியில் ஸ்டார்பக்ஸ் காபிக் கடைகூட உண்டு (நமது டிகிரி காபிக்குப் பழகிய நாக்குக்கு அது எவ்வளவு ஆறுதல் தரும் என்பது வேறு விஷயம்). மருத்துவம் தெரியாதவர்களுக்கும் இங்கே உண்மையான வேலை இருப்பதை இத்திட்டத்தின் சிறப்பாகச் சொல்வேன். சமையல்காரர், மின்பணியாளர், ஆசிரியர், கணக்காளர் என்று அவரவர் தொழிலையே செய்கிறார்கள். சில ஊழியப் பயணங்களில் நடப்பதுபோல, ஊரில் ஊசி போட அனுமதியில்லாத கல்லூரி மாணவர் வெளிநாட்டு ஏழையின் கையில் ஊசி போட்டுப் பழகும் அநியாயத்துக்கு இங்கு இடமில்லை.

ஊழியம் என்ற பகுதியைப் பற்றி விசுவாசிகளுக்கும் மற்றவர்களுக்கும் கேள்வி இருக்கும். இயேசுவின் முன்மாதிரியைப் பின்பற்றுவதாக அமைப்பு வெளிப்படையாகச் சொல்கிறது. ஆராதனையும் ஜெபமும் கப்பல் வாழ்வின் அங்கங்கள். ஆயினும் மதம் பார்த்து நோயாளியைத் தேர்ந்தெடுப்பதில்லை. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் செனகலின் டக்கார், சியரா லியோனின் ஃப்ரீடவுன் ஆகிய துறைமுகங்களில் குளோபல் மெர்சி நின்றதே அந்த அரசுகளின் அழைப்பின் பேரில்தான். தெருமுனைப் பிரசங்கத்துக்கும் கைப்பிரதி விநியோகத்துக்கும் ஆசைப்பட்டு வருபவருக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். என் பார்வையில் அது குறையன்று. வலியில் படுத்திருப்பவரிடம் பிரசங்கம் செய்வதில் ஒரு கட்டாயம் ஒளிந்திருக்கிறது.

குறைகளும் உண்டு. கப்பல் ஒருநாள் கிளம்பிவிடும். அறுவை சிகிச்சையால் தீராத புற்றுநோயாளிகள், யாருக்குச் சிகிச்சை என்று தேர்ந்தெடுக்கும்போதே திருப்பி அனுப்பப்படுகிறார்கள். கொள்ளைநோய்க் காலத்துக்கும் இது ஏற்ற கருவியன்று: 2014இல் எபோலா பரவியபோது மேற்கு ஆப்பிரிக்காவுக்குச் செல்ல வேண்டிய ஆப்பிரிக்கா மெர்சி மடகாஸ்கருக்குச் சென்றது. நூற்றுக்கணக்கானோர் நெருங்கி வாழும் கப்பலுக்கு அது சரியான முடிவே என்றாலும், மருத்துவர்கள் மிகவும் தேவைப்பட்ட நேரத்தில் அப்பகுதிக்கு இதனால் உதவ முடியவில்லை.

தமிழராகிய நம்மிடம் இதை அளக்க ஒரு கடுமையான அளவுகோல் இருக்கிறது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரி சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மானிப்பாயில் தமிழ் மாணவர்களுக்குத் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்து, பாடநூல்களையும் தமிழாக்கினார். வேலூரில் ஐடா ஸ்கடர் 1900இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையே நிறுவினார். வந்தவர் போன பின்பும் மருத்துவர்கள் அந்த மண்ணிலேயே உருவானார்கள். இந்த அளவுகோலால் பார்த்தால் மெர்சி ஷிப்ஸ் தொடக்க காலத்தில் பின்தங்கியே இருந்தது. பின்னர் மடகாஸ்கரிலும் பெனினிலும் உள்ளூர் மருத்துவமனைகளுக்கு அறுவைப் பாதுகாப்புப் பட்டியலை (அறுவை சிகிச்சையின்போது ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டியவற்றின் பட்டியல்) பயன்படுத்தக் கற்றுக்கொடுத்ததும், கினியின் கோனாக்ரி பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து பல் மருத்துவக் கல்வியை வலுப்படுத்தியதும் சரியான திசையில் வைத்த அடிகள். விளம்பரங்களில் முன்னும் பின்னும் எடுத்த முகப் படங்களே முதலிடம் பெறுகின்றன. நன்கொடை திரட்ட அவைதான் உதவும் போலும்.

அறுவை அரங்கு அல்லது தீவிர சிகிச்சைப் பிரிவில் சில ஆண்டுகள் பணியாற்றிய, ஆங்கிலத்தில் தயங்காமல் பேசக்கூடிய, சில மாதச் சம்பளத்தை இழக்கத் தாங்கும் செவிலியருக்கு இதை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். மயக்க மருந்து நிபுணர்களுக்கும் பயிற்றுவிக்கும் ஆர்வமுள்ள மூத்த மருத்துவர்களுக்கும் இன்னும் அழுத்தமாகப் பரிந்துரைப்பேன். படிப்பை இப்போதுதான் முடித்த இளையோர், கடன் வாங்கிச் செல்வதைவிட, முதலில் ஊரிலுள்ள ஒரு மிஷன் மருத்துவமனையில் இரண்டு ஆண்டுகள் வேலை செய்துவிட்டு விண்ணப்பிப்பது நல்லது.