கேஎல் டூ ப்ரேசர் ஹில் 'கல்யாண நாள் ஸ்பெஷல்' சியாமாங் டூர், போகலாமா?

வாட்ஸ்அப்ல சுத்துதே, சியாமாங் குரங்கு 'சாகுற வரைக்கும் ஒரே ஜோடி'ன்னு ஹார்ட் போட்ட ஒரு போஸ்டர், அந்த டே டிரிப்தான். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ்ல விடியறதுக்கு முன்னாடி வேன்ல ஏத்துறாங்க, கோலா குபு பாருல பசியாற நிறுத்துறாங்க (ரொட்டி சானாய் சுமார்), அதுக்கப்புறம் ரோடு பூரா வளைவு, தலை சுத்துற ஆளுங்க முன் சீட்டு கேட்டு வாங்கிக்குங்க.

சியாமாங்னா கிப்பன்ங்கற வாலில்லாக் குரங்கு இனத்துலயே பெருசு, கன்னங்கரேல்னு இருக்கும், கத்துறப்ப தொண்டைப்பை அது தலை சைஸுக்கு உப்பிடும். மேல போய் கொஞ்ச நேரத்துல ஆரம்பிச்சிச்சு பாருங்க, ஆணும் பொண்ணும் மாத்தி மாத்தி, ஒண்ணு விட்ட எடத்துல இன்னொண்ணு புடிச்சு கால் மணி நேரம் கிட்ட விடவே இல்ல, எனக்கு மயிர்க்கூச்செடுத்துருச்சு. அதிகமா சேர்ந்து கத்துற ஜோடிதான் ஒண்ணுக்கொண்ணு பேன் பாக்குறதும் ஒட்டி இருக்குறதும் அதிகமாம், ஆராய்ச்சில பாத்துருக்காங்களாம்.

இதச் சொன்னது கைடு அங்கிள். காசு அவருக்குத்தான் தகும். போஸ்டர காட்டி கேட்டா சிரிக்கிறாரு. ஜோடியா குடும்பம் நடத்துறது வேற, கற்பு வேற தம்பின்னாரு. தாய்லாந்து காவ் யாய் காட்டுல வெள்ளைக்கை கிப்பன் பொண்ணு பக்கத்து குடும்பத்து ஆணோட சேர்றத 1990கள்லயே நேர்ல பாத்து எழுதிட்டாங்களாம், சுமத்ரால சில சியாமாங் கூட்டத்துல ஒரு பொண்ணுக்கு ரெண்டு ஆண். பறவைங்கள்ல பத்துல ஒம்போது இனம் ஜோடி கட்டும், பாலூட்டில பத்துல ஒண்ணுகூட தேறாது, ஏன்னா குட்டி வயித்துல, பால் அம்மாகிட்ட, அப்பனுக்கு அங்க வேலையே கம்மி. ஆனா சியாமாங்ல குட்டிக்கு ஒரு வயசு தாண்டுனா அப்பன்தான் நெறய நேரம் தூக்கி சுமக்கும்னு சொன்னதும் வேன்ல வந்த அக்காங்க எல்லாம் அவங்கவங்க வீட்டுக்காரர திரும்பிப் பாத்தாங்க பாருங்க, அதுக்கே குடுத்த வெள்ளி செரிச்சிருச்சு.

காட்டுக்குள்ள கேக் வெட்ட வெச்சு ஸ்பீக்கர்ல காதல் பாட்டு போட்டதுதான் எரிச்சல், சியாமாங் அதோட போயே போச்சு. அதுக்கு ஒரு ஸ்டார் கட், 5க்கு 4.

அவங்க குடுக்குற பைனாகுலர் மங்கல், சொந்தமா கொண்டு போங்க, அட்டை கடிக்கும், நீள சாக்ஸ் போடுங்க. மழை வர்ற மாதிரி இருந்தா தேதிய மாத்திக்குங்க லா, மழைல அதுங்க பெரும்பாலும் வாயே தொறக்காது, கட்டுன காசும் திரும்ப வராது.