பாக்கெட் ஹாட்ஸ்பாட்: வைஃபை வேஷம் போட்ட மொபைல் டேட்டா

உள்ளங்கைக்குள் அடங்கும் டப்பா. உள்ளே ஒரு சிம், 2000 எம்ஏஎச்சை ஒட்டிய பேட்டரி, முகப்பில் மூன்று நான்கு விளக்குகள். சிம்மின் மொபைல் டேட்டாவை வாங்கி, சுற்றியிருக்கும் கருவிகளுக்கு வைஃபையாகக் கொடுப்பதுதான் இதன் வேலை. டாங்கிள், பாக்கெட் ரவுட்டர் என்று பல பெயர்களில் விற்கும் 4ஜி ஹாட்ஸ்பாட்டுகளில் மேலே ஒட்டிய பெயர் மாறுமே தவிர, உள்ளே இருக்கும் சமாச்சாரம் பெரிதாக மாறுவதில்லை. ஆகவே இந்த மதிப்பீடு ஒரு மாடலுக்கு அல்ல, அந்த வகைக்கே.

அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் 150 எம்பிபிஎஸ் என்று இருக்கும். இந்த டப்பாக்களில் பெரும்பாலும் இருக்கும் எல்டிஇ (4ஜி) கேட்டகரி 4 மோடத்தின் டவுன்லோடு உச்சவரம்பு அது, அப்லோடுக்கு 50. 20 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை முழுவதும் ஒருவருக்கே வாய்த்தால்தான் அந்த எண். நடப்பில் அதே டவரைப் பிடித்திருக்கும் எல்லோரோடும் பங்கு போட வேண்டும். இன்னொன்றும் உண்டு. இப்போதைய ஃபோன்கள் பல அலைவரிசைகளை ஒன்றாகச் சேர்த்து இழுக்கும். கேட்டகரி 4 டப்பா ஒன்றை மட்டுமே பிடிக்கும். அதே சிம் ஃபோனில் பறந்து, டப்பாவில் நொண்டினால் பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். வேகத்துக்காக இதை வாங்குவது வீண்.

வாங்கக் காரணம் வேறு. ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் ஃபோன்காரர் எழுந்து வெளியே போனால் எல்லோருக்கும் நெட் போச்சு. இரட்டை சிம் ஃபோனில் மற்ற சிம்முக்கு அழைப்பு வந்தால் பல மாடல்களில் டேட்டா நின்றுவிடும். யாரும் இணையாமல் சில நிமிடம் இருந்தால் ஹாட்ஸ்பாட் தானே அணையும். ஆண்ட்ராய்டில் டேட்டா சேவர் ஆனில் இருந்தால் ஹாட்ஸ்பாட் பட்டனே வேலை செய்யாது. இது தெரியாமல் ரீஸ்டார்ட் செய்துகொண்டே இருப்பார்கள். டப்பாவுக்கு இந்தத் தொல்லைகள் பெரும்பாலும் இல்லை. வைத்த இடத்தில் கிடக்கும்.

எங்கே வைக்கிறோம் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 அடித்தால் டப்பாவின் செட்டிங்ஸ் இருக்கும் அட்மின் பக்கம் வரும். சரியான முகவரியும் பாஸ்வேர்டும் பேட்டரிக்கு அடியிலுள்ள ஸ்டிக்கரில் இருக்கும். அங்கே ஆர்எஸ்ஆர்பி என்ற எண்ணைப் பாருங்கள், டவரின் சிக்னல் எவ்வளவு பலமாக வந்து சேர்கிறது என்பதன் அளவு அது. மைனஸ் 80 டிபிஎம் என்றால் அருமை, மைனஸ் 100 சுமார், மைனஸ் 115 தாண்டினால் இழுபறி. மேஜையிலிருந்து ஜன்னலோரத்துக்கு நகர்த்தி மைனஸ் 108 என்பது மைனஸ் 98 ஆனால், சிக்னலின் பலம் பத்து மடங்கு கூடியதாகக் கணக்கு. அதன் பக்கத்திலேயே எஸ்ஐஎன்ஆர் இருக்கும், இரைச்சலை விட சிக்னல் எவ்வளவு மேலே நிற்கிறது என்பதன் அளவு. அது 20க்கு மேல் இருந்தால் சுத்தமான சிக்னல், பூஜ்யத்துக்குக் கீழே போனால் நாலு கோடும் நிறைந்திருந்தாலும் பயனில்லை. கோடு சிக்னலின் பலத்தைச் சொல்லும், இரைச்சலையோ டவரில் இருக்கும் கூட்டத்தையோ சொல்லாது.

இனி, இந்த டப்பாவின் பெரிய குறை. அது டப்பாவில் இல்லை, அதில் இணையும் ஃபோன்களில் இருக்கிறது. வைஃபை என்றதும் ஃபோன் அதை அளவில்லாத நெட் என்று நம்பிவிடுகிறது. மொபைல் டேட்டாவில் அடக்கி வாசித்த ஆப்கள் எல்லாம் கட்டவிழ்ந்துகொள்ளும்: போட்டோ பேக்கப், ஆப் அப்டேட், தானே இறங்கும் வாட்ஸ்அப் வீடியோ. ஒரு ஆண்ட்ராய்டு ஃபோனின் ஹாட்ஸ்பாட்டில் இன்னொரு ஆண்ட்ராய்டு இணையும்போது, இது அளந்து கொடுக்கும் டேட்டா என்று முதல் ஃபோன் சொல்லிவிடும், இரண்டாவது அடங்கிக்கொள்ளும். பாக்கெட் டப்பா பொதுவாக அப்படி எதையும் சொல்லாது. அன்றைய டேட்டா மதியத்துக்குள் தீர்ந்துவிடுவதற்கு பெரும்பாலும் இதுதான் காரணம்.

டேட்டா தீர்வது மட்டுமல்ல, நெட் திணறுவதும் பல நேரம் இதனால்தான். ஒரே ஒருவரின் ஃபோன் போட்டோக்களை மேலே அனுப்பத் தொடங்கினால் அப்லோடு குழாய் நிரம்பிவிடும். மற்றவர்கள் ஒரு பக்கத்தைத் திறக்க அனுப்பும் சின்னக் கோரிக்கை அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்கும். 50 மில்லிசெகண்டில் வந்த பதில் ஒரு செகண்டைத் தாண்டும். வீடியோ கால் உறையும். எல்லோரும் டவரைத் திட்டுவார்கள்.

மருந்து எளிது, ஆனால் இணையும் ஒவ்வொரு கருவியிலும் செய்ய வேண்டும். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், வைஃபை, இணைந்திருக்கும் பெயருக்குப் பக்கத்திலுள்ள சக்கரம், அதற்குள் 'மீட்டர்டு' (அளந்து கொடுக்கும் நெட்) என்று மாற்றுங்கள். ஐஃபோனில் வைஃபை பெயருக்கு அருகிலுள்ள ஐ குறியைத் தொட்டு 'லோ டேட்டா மோட்' போடுங்கள். விண்டோஸ் லேப்டாப்பில் வைஃபை ப்ராப்பர்ட்டீஸில் 'மீட்டர்டு கனெக்ஷன்' ஆன் செய்தால் பெரும்பாலான அப்டேட்டுகள் தாமாக இறங்காது. இந்த மூன்றையும் செய்யாமல் டப்பாவுக்கு மார்க் போடுவது நியாயமில்லை.

பேட்டரி விஷயத்தில் ஒரே எச்சரிக்கை. நாள் முழுக்க சார்ஜரிலேயே கிடந்தால் லித்தியம் பேட்டரி சூட்டில் உப்பக்கூடும். மேஜையில் வைத்துத் தட்டும்போது ஆடினாலோ பின்மூடி சரியாக உட்காராவிட்டாலோ உடனே கழற்றி ஒதுக்குங்கள், குத்தி அமுக்கிப் பார்க்க வேண்டாம். கழற்ற முடியாத பேட்டரி உள்ள மாடல்களைத் தவிர்ப்பதே மேல்.

சிசிடிவியை வெளியிலிருந்து பார்க்கப் போர்ட் (வெளியிலிருந்து வரும் இணைப்புக்கான வாசல்) திறந்துவிடலாம் என்று வாங்குபவர்கள் ஏமாறுவார்கள். மொபைல் நெட்டில் பல சந்தாதாரர்கள் ஒரே ஐபி முகவரிக்குப் பின்னால் இருப்பார்கள். டப்பாவில் என்ன திறந்தாலும் வெளியிலிருந்து வரும் அழைப்பு பெரும்பாலும் அதுவரை வந்து சேராது. சிம்முக்கு வரும் எஸ்எம்எஸ் எல்லாம், டேட்டா தீரப்போகும் எச்சரிக்கையும் ஓடிபியும் உட்பட, அட்மின் பக்கத்தின் இன்பாக்ஸுக்குள் போய்விடும். வங்கிக் கணக்கில் பதிந்த எண்ணை இதில் போடாதீர்கள்.

பாஸ்வேர்டு ஒருமுறை கொடுத்தால் கொடுத்ததுதான். தெரியாத ஃபோனை அதன் மேக் முகவரியை (கருவியின் அடையாள எண்) வைத்து மேக் ஃபில்டரில் தடுத்துப் பயனில்லை, இப்போதைய ஃபோன்கள் மேக் முகவரியையே மாற்றிக்கொண்டு வரும். வைஃபை பாஸ்வேர்டையும் அட்மின் பாஸ்வேர்டையும் இரண்டையுமே மாற்றுங்கள். வைஃபை பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிட்டு அட்மினை 'அட்மின்' என்றே விட்டால், அடுத்து இணைபவர் உள்ளே நுழைந்து உங்களையே வெளியே தள்ளலாம்.