சென்னையில் விதை எறும்பு வளர்ப்பு: வளையைத் தேடுவதிலிருந்து இரண்டடித் தொட்டி வரை

பெரிய எறும்புப் பண்ணை வைக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் தொட்டியை வாங்கிவிடுகிறார்கள். அப்புறம் அதை நிரப்ப மண்வெட்டியோடு கிளம்புகிறார்கள். காலி மனையில் ஒரு வளையைத் தோண்டி, அகப்பட்ட எறும்புகளை மண்ணோடு வாளியில் அள்ளிவந்து கொட்டினால் முதல் வாரம் பார்க்க ஜோராகத்தான் இருக்கும். சில மாதங்களில் தொட்டி காலியாகிவிடும். ராணி இல்லாத கூட்டத்தில் புது எறும்பு பிறக்காது, இருப்பவை வயதாகிச் சாகும். 1956இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த 'ஆன்ட் ஃபார்ம்' பொம்மைக்கும் தபாலில் வந்தவை வேலைக்கார எறும்புகள் மட்டும்தான். அது பொம்மை, சில வாரம் ஓடினால் போதும். வருடக்கணக்கில் ஓட வேண்டிய பண்ணைக்கு அது உதவாது.

தோண்டி ராணியை எடுத்துவிடலாம் என்பதும் நடக்கிற காரியமில்லை. ஃப்ளோரிடாவின் விதை எறும்பு (விதைகளைப் பொறுக்கி வளையில் சேர்த்துத் தின்னும் எறும்பு) வளைகளை உருக்கிய உலோகம் ஊற்றி வார்ப்பெடுத்த வால்டர் சிங்கெல் காட்டிய வளைகளில் சில இரண்டு மீட்டரையும் தாண்டி இறங்குகின்றன. நம்மூர் இனம் அவ்வளவு ஆழம் போகாவிட்டாலும், காய்ந்த மண்ணில் ராணி ஈரத்தைத் தேடிக் கீழேதான் கிடக்கும். முதல் வெட்டிலேயே மேல் அறைகள் சரிந்து வழியை அடைத்துவிடும். மிஞ்சுவது ஒரு குழியும் பாழான ஒரு வளையும். ஆகவே சென்னையில் உருப்படியான வழி ஒன்றுதான்: வறண்ட மாதங்களில் வளைகளைக் கண்டு குறித்துவைத்துக்கொள்வது, மழை விட்டதும் அதே இடத்தில் இணைசேர்ந்து இறகுதிர்த்த ராணியைப் பிடிப்பது.

வளை தேட நல்ல காலம் தையிலிருந்து பங்குனி வரை. வடகிழக்குப் பருவமழையில் முளைத்த புல் தை மாதம் காய்ந்து விதை உதிர்க்கும், எறும்புக்கு அதுதான் அறுவடை. தாம்பரம், முடிச்சூர், பெருங்களத்தூர்ப் பக்கம் வீடு கட்டாமல் கிடக்கும் மனைகள், புல் திட்டுத்திட்டாக உள்ள மைதான ஓரங்கள், ரயில்வே பாதையை ஒட்டாத மண்சாலை விளிம்புகள் தோதானவை. செம்மண்ணோ சரளை கலந்த கெட்டி மண்ணோ இருக்க வேண்டும், நாளில் பாதி நேரமாவது வெயில் விழ வேண்டும். தினமும் தண்ணீர் பாய்ச்சும் பூங்காப் புல்தரையில் நேரத்தை வீணாக்க வேண்டாம். கிண்டி தேசியப் பூங்கா, நன்மங்கலம், வண்டலூர் காப்புக்காடுகள், பள்ளிக்கரணை சதுப்பு நிலம் ஆகிய இடங்களில் வனத்துறை அனுமதி இல்லாமல் எதையும் எடுக்கக் கூடாது. தனியார் மனையென்றால் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

காலை ஆறரையிலிருந்து எட்டரைக்குள் போய்விட வேண்டும். வெயில் ஏறித் தரை சுட ஆரம்பித்தால் எல்லாம் உள்ளே போய்விடும், மாலை ஐந்துக்கு மேல்தான் மறுபடி தலைகாட்டும். தேட வேண்டியது எறும்பையல்ல, உமியை. வளை வாயைச் சுற்றி ஒரு சாணிலிருந்து ஒரு முழம் வரை வைக்கோல் நிறத்தில் ஒரு வளையம் கிடக்கும். குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து லென்ஸில் பார்த்தால் காக்காக்கால் புல்லின் தோல், உடைந்த விதை உறை, செத்த எறும்பின் தலை எல்லாம் தெரியும். ஒரு எறும்பு வாயில் உமியோடு வெளியே வந்து, குவியலின் ஓரம் வரை நடந்து போட்டுவிட்டு, அப்படியே திரும்பி உள்ளே போவதைப் பார்த்துவிட்டால் சந்தேகமே இல்லை. கோடை மழை ஒன்று அடித்தால் இந்த வளையம் கரைந்துபோகும். அதனால்தான் முன்கூட்டியே போனில் இடத்தைக் குறித்துவைக்கச் சொல்கிறோம்.

உமி கண்ணில் படாத இடத்தில் ஒரு வெள்ளை அட்டையில் இருபது தினையும், ஓரமாக ஒரு சொட்டு சர்க்கரைத் தண்ணீரும் வைத்துப் பார்க்கலாம். விதை எறும்பு தினையைத் தூக்கிக்கொண்டு நேர்கோடாக நடக்கும், பின்னாலேயே போனால் பெரும்பாலும் பதினைந்து மீட்டருக்குள் வளை வந்துவிடும். சர்க்கரையில் மட்டும் மொய்த்தால் அது நமக்கு வேண்டிய எறும்பல்ல.

ஆள் மாறாட்டம் நடப்பது இங்கேதான். நாம் தேடுவது பெரும்பாலும் ட்ரைக்கோமிர்மெக்ஸ் ஸ்கேப்ரிசெப்ஸ். செம்பழுப்புத் தலையும் மார்பும், கறுத்த வயிறும். ஒரே வரிசையில் சிறிது, நடுத்தரம், பெரிது என்று எல்லா அளவிலும் நடக்கும். ஃபைடோலே இனங்களும் விதை சேர்க்கும், ஆனால் அவற்றில் இரண்டே அளவு: சின்னதும், தலை மட்டும் பூதாகரமாக உள்ள சிப்பாயும். தொட்டவுடன் கால்களை மடக்கிச் சுருண்டு உருண்டையாகக் கிடந்தால் அது மெரனோப்லஸ். இவை இரண்டாலும் ஆபத்தில்லை. கவனமாக இருக்க வேண்டியது சொலெனாப்சிஸ் ஜெமினாட்டா என்கிற நெருப்பெறும்பிடம். அதுவும் விதையைச் சேமிக்கும், அதன் பெரிய எறும்புகளுக்கும் சதுரத் தலை, நிறமும் ஏறக்குறைய அதேதான். ஒரு ஈர்க்குச்சியால் வளை வாயை லேசாகக் கிளறினால் நெருப்பெறும்பு நொடியில் கூட்டமாகக் குச்சியின் மேல் ஏறிக் கொட்டும். விதை எறும்பு குழம்பும், சிதறும், கடிக்கவும் கடிக்கும், ஆனால் அப்படி மேலே பாயாது. நெருப்பெறும்பு அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தேறியது. அதை வீட்டுக்குள் கொண்டுவந்து தப்பவிட்டால் அடுக்குமாடிக் குடியிருப்பு முழுக்கப் பகை.

இனி ராணி. மழை விட்டுப் புழுக்கமாக, காற்றில்லாமல் இருக்கும் நாட்களில் குறித்துவைத்த வளைகளைச் சுற்றியும், பக்கத்துத் தெருவிளக்கின் கீழும் பார்க்க வேண்டும். ஈசலைப் பார்த்து ஏமாறக் கூடாது: ஈசலுக்கு நான்கு இறகும் ஒரே நீளம், இடுப்பே இருக்காது, உணர்கொம்பு நேராக இருக்கும். எறும்புக்கு முன் இறகு நீளம், பின் இறகு குட்டை, இடுப்பு ஒடுங்கியது, உணர்கொம்பு முழங்கைபோல் மடங்கியிருக்கும். இறகோடு விளக்கைச் சுற்றுவதை விட்டுவிடுங்கள், அது இணைசேர்ந்ததா என்று தெரியாது. இறகு உதிர்ந்து, தரையில் சந்து தேடி அவசரமாக ஓடும் பெண்ணே வேண்டும். தடித்த மார்பில் இறகு முறிந்த தழும்பு லென்ஸில் தெரியும். ஒரு வளைப் பக்கத்துக்கு இரண்டு மூன்று ராணி போதும். பறக்கிற ராணிகளில் பெரும்பாலானவை எப்படியும் பல்லிக்கும் காக்காய்க்கும்தான் போகின்றன என்றாலும், டஜன் கணக்கில் பொறுக்குவதற்கு அது நியாயமாகாது. 2025இல் கென்யாவில் மெஸ்ஸார் செஃபலோட்டீஸ் என்ற விதை எறும்பின் ராணிகளை ஏறக்குறைய 5000 கடத்த முயன்ற இரண்டு பெல்ஜிய இளைஞர்களுக்கு நீதிமன்றம் பெரும் அபராதம் விதித்தது. ஐரோப்பிய மெஸ்ஸாரைத் தபாலில் வரவழைப்பதும் அதே ரகம்தான். அனுமதியில்லாமல் உயிர்ப்பூச்சி இறக்குமதி செய்யக் கூடாது.

பிடித்த ராணிக்கு 16×150 மி.மீ. சோதனைக் குழாய் ஒன்று. பாரிமுனைப் பக்கம் ஆய்வகப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், அதன் மேல் நீர் கசியாத அளவுக்கு இறுக்கிய பஞ்சு, ராணி, வாயில் தளர்வான பஞ்சு. அலமாரி இழுப்பறையில் இருட்டில் வைத்துவிட்டு வாரம் ஒருமுறைக்கு மேல் திறக்க வேண்டாம். தொந்தரவு செய்தால் ராணி முட்டையைத் தின்றுவிடும். விதை போடவும் வேண்டாம், ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். பெரும்பாலான விதை எறும்பு ராணிகள் இறகுத் தசையையும் உடம்புக் கொழுப்பையும் கரைத்தே முதல் ஈட்டை வளர்த்துவிடும். பொதுவாக ஒன்றரை இரண்டு மாதத்தில் முதல் வேலைக்கார எறும்புகள் வரும். அப்போது நாலைந்து கசகசா, ஒரு சின்னப் பூச்சித் துண்டு.

இந்த இடத்தில்தான் பலரும் பெரிய தொட்டிக்குத் தாவிவிடுகிறார்கள். பத்து எறும்புக்கு இரண்டடித் தொட்டி கொடுத்தால், குப்பையை எந்த மூலையிலாவது கொட்டும், அது அழுகும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஐம்பது வரை குழாய், இருநூறு வரை கையகல அறை, ஐந்நூறு தாண்டியபின் தொட்டி என்பது எங்கள் கணக்கு.

தொட்டிக்கு, வண்ணமீன் கடைகள் நிறைந்த கொளத்தூர் போனால் போதும். 60×30×30 செ.மீ. மீன்தொட்டியே சரி. கடைக்காரரிடம் மேல் விளிம்பில் உள்பக்கமாக 5 செ.மீ. அகலக் கண்ணாடிப் பட்டை நான்கு புறமும் ஒட்டித் தரச் சொல்லுங்கள். பூஞ்சைத் தடுப்பு கலந்த குளியலறை சிலிகான் வேண்டாம், ஒட்டியபின் வாசனை முழுக்கப் போகும்வரை ஒரு வாரம் காயட்டும். தப்பாமலிருக்க டால்கம் பவுடர் ஒரு பங்கு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இரண்டு பங்கு குழைத்து அந்தப் பட்டையின் அடிப்பக்கத்தில் பூச வேண்டும். சுவரில் பூசினால் கோடையில் நிற்கும், ஐப்பசி மழையில் ஈரம் ஏறி ஒரே வாரத்தில் பயனற்றுப் போகும். அடிப்பக்கத்தில் பூசியது அதிக நாள் தாங்கும், இருந்தும் மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தேங்காயெண்ணெய், வாசலின் எல்லாம் சித்திரை வெயிலில் வழிந்து எறும்பின் மேலேயே ஒட்டும்.

தொட்டி மேய்ச்சல் நிலம் மட்டும்தான், குடியிருப்பு வெளியே. 60×20×10 செ.மீ. ஏஏசி பிளாக்கில் (சுவர் கட்டப் பயன்படும், நுண்துளைகள் உள்ள லேசான கான்கிரீட் கல்) 8 முதல் 10 மி.மீ. ஆழத்துக்கு அறைகளைக் குடைந்து, தூசியைக் கழுவி நன்றாகக் காயவைத்து, 4 மி.மீ. கண்ணாடியால் மூடி, 12 மி.மீ. பிளாஸ்டிக் குழாயால் தொட்டியோடு இணைக்கலாம். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் ஆகும், ஆனால் விதை எறும்பின் தாடை அதை வேகமாகச் சுரண்டிவிடும், புது ஓட்டை எந்தப் பக்கம் வருமென்று சொல்ல முடியாது. காற்றுத் துளைக்கு ஸ்டீல் வலை, 0.3 மி.மீ. கண். டீ வடிகட்டி வலையில் சின்ன எறும்பு நுழைந்துவிடும். மெரினா மணல் பக்கமே போக வேண்டாம், உப்பு. தொட்டித் தரைக்கு ஆற்றுமணல் மூன்று பங்கு, சலித்த செம்மண் ஒரு பங்கு, வாணலியில் சூடேறும் வரை வறுத்து ஆறவிட்டது.

ஒரு கோடையும் ஒரு பருவமழையும் தாண்டிய எந்தப் பண்ணையிலும் அதிகம் கெடுவது ஈரத்தால்தான். வெளிநாட்டுக் குறிப்புகள் சூடேற்றும் தகடு வாங்கச் சொல்லும், நமக்கு அது தண்டச் செலவு. பிளாக்கின் ஒரு முனையில் மட்டும் நீர்க்குழி வையுங்கள், மறுமுனை எப்போதும் காய்ந்திருக்க வேண்டும், தானிய அறை அங்கேதான் அமையும். கோடையில் வாரம் இருமுறை 10 மி.லி. ஊற்றித் தொடங்கலாம், கார்த்திகையில் ஊற்றவே வேண்டாம். கண்ணாடியில் வியர்த்தால் தண்ணீர் அதிகம். போர்வெல் தண்ணீர் ஊற்றினால் வெள்ளை உப்பு பூத்துக் கல்லின் துளைகள் அடைபடும், ஆர்ஓ தண்ணீரே நல்லது. உள்ளே ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டியே நின்றால் விதை முளைவிடும், வெள்ளைப் பொடி தூவியதுபோல் தானிய உண்ணி பெருகும். முளையை எறும்பே கடித்துப் போடும், உண்ணியை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. தினை, சாமை, கேழ்வரகு, எள் எதுவானாலும் இரண்டு நாள் ஃப்ரீசரில் வைத்து, வெயிலில் காயவைத்து, ஒரு தடவைக்கு ஒரு தேக்கரண்டி மட்டும் போட வேண்டும். வாரம் இரண்டு முறை வண்ணமீன் கடையில் விற்கும் உலர்புழுவோ, கொன்ற கரப்பான் குஞ்சோ எறும்பின் புழுப்பருவக் குஞ்சுகளுக்கு வேண்டும். வெறும் தானியத்தில் கூட்டம் பெருகாது.

விஷம் எங்கிருந்து வருமென்று எதிர்பார்க்க முடியாது. வண்டு வராமலிருக்க போரிக் பவுடர் கலந்த வீட்டு அரிசி, மருந்து தடவிச் சிவப்பாக விற்கும் விதைப் பாக்கெட், அதே அறையில் ஓடும் கொசு லிக்விடேட்டர், அலமாரி அடியில் கோடு போட்ட எறும்பு சாக்பீஸ். மாநகராட்சிக் கொசுமருந்துப் புகை வண்டிச் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்திவிடுங்கள். இன்னொரு எதிரி பிள்ளையார் எறும்பு, வெளியிலிருந்து உள்ளே நுழைந்து முட்டையைத் தூக்கிப் போய்விடும். மேசையின் நான்கு காலுக்கும் கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு விட வேண்டும். சோப்பு இல்லாவிட்டால் கொசு முட்டையிடும், அப்புறம் டெங்கு ஆய்வுக்கு வருகிறவரிடம் பதில் சொல்ல வேண்டிவரும்.

ஊருக்குப் போகும்போது மட்டும் இந்த எறும்பு ரொம்பச் சுலபம். தானியம் ஏற்கெனவே உள்ளே இருக்கும், தொட்டியில் ஒரு தண்ணீர்க் குழாய் பஞ்சடைத்துப் படுக்கவைத்தால் பத்துப் பதினைந்து நாள் தாங்கும். பூச்சி எதையும் போட்டுவிட்டுப் போகாதீர்கள். மேசைக் கால் கிண்ணங்களை நிரப்பி, ஏசியையும் திரைச்சீலையையும் பார்த்துக்கொள்ளுங்கள்: மதிய வெயில் நேராகத் தொட்டியில் விழுந்தால் ஒரே நாளில் எல்லாம் முடிந்துவிடும்.