கலசத்தின் மேல் கடிகாரம்: கிம்ப் மென்பொருளோடு ஒரு மாதம்

மனைவி கேட்டது ஒன்றே ஒன்று. சிங்கப்பூர் செராங்கூன் சாலை ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயில் கோபுரம் தன் கைப்பேசித் திரையில் இருக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கிற படம் வேண்டாம், நான் எடுத்ததுதான் வேண்டும். எடுத்தேன், வைத்தேன். கலசங்களின் மேல் பெரிதாக 11:42 என்று மணி வந்து உட்கார்ந்துகொண்டது.

"என்னங்க, கோயில் உச்சியில கடிகாரத்தைக் கட்டி வச்சிருக்கீங்க?"

வால்பேப்பர் செய்வதற்கென்றே வந்த ஒரு செயலியை முதலில் இறக்கினேன். பெயர் வேண்டாம். ஏழு நாள் இலவசம் என்றது; மூன்றாம் நாளே படத்தின் மூலையில் தன் முத்திரையைக் குத்தியது. அதை எடுக்க மாதம் 8 வெள்ளி (டாலர்). அந்தக் காசுக்குத் தேக்காவில் வயிறாரச் சாப்பிடலாம். மகன் தன் பழைய மடிக்கணினியை என்னிடம் தள்ளிவிட்டபோது அதில் கிம்ப் இருந்தது. 1995இல் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் தொடங்கிய, படம் திருத்தும் மென்பொருள். அன்றுமுதல் இன்றுவரை இலவசம். நான் பழகியது 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில்.

திறந்ததும் தலை சுற்றும், சொல்லிவிடுகிறேன். இடப்பக்கம் பொடிப்பொடியாக ஆயுதங்கள், வலப்பக்கம் அடுக்கடுக்காகப் பட்டியல்கள். முதல் வாரம் ஒரு படத்தை ஜேபெக்காகச் சேமிக்கவே தடுமாறினேன். 'சேவ்' கொடுத்தால் எக்ஸ்சிஎஃப் என்ற அதன் சொந்த வடிவில்தான் சேமிக்கும். கைப்பேசிக்குப் போக 'எக்ஸ்போர்ட் ஆஸ்' கொடுக்க வேண்டும். இரவுக் காவல் வேலை பார்க்கிறவன் நான். பகலில் தூக்கம் வராத நேரமெல்லாம் இதற்கே போனது.

கோபுர விஷயத்துக்கு வருவோம். என் கைப்பேசி நிமிர்த்திப் பிடித்து எடுத்த படம் 3000க்கு 4000 புள்ளிகள் (பிக்சல்). மனைவியின் திரையோ 1080க்கு 2340, ஒல்லிக்குச்சி. முழு உயரத்தையும் வைத்துக்கொண்டு அந்த அளவுக்கு வெட்டினால் அகலத்தில் 1846 புள்ளிதான் மிஞ்சும். பத்தில் கிட்டத்தட்ட நான்கு பங்கு போய்விடுகிறது! வெட்டுக் கருவியில் 1080:2340 என்று விகிதத்தைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்த்தபோதுதான் இது உறைத்தது. கோபுரத்தின் இரு ஓரமும் காணோம். அகலம் 2100 ஆவது வேண்டும். அப்படியென்றால் உயரம் 4550. என்னிடம் இருப்பது 4000.

குறைகிற 550 புள்ளிக்கு வானத்தை நாமே செய்துகொள்ள வேண்டியதுதான். 'கேன்வஸ் சைஸ்' போய் உயரத்தைக் கூட்டி, படத்தைக் கீழே தள்ளி, மேலே வந்த காலி இடத்தில் குளோன் கருவியால் பக்கத்து வானத்தை எடுத்து எடுத்துப் பூசினேன். நீல வானத்தில் துண்டு மேகம் இருந்திருந்தால் ஒரே மேகம் நாலு இடத்தில் முளைத்து மாட்டிக்கொண்டிருப்பேன். நல்லவேளை, அன்று நம்மூர் வழக்கப்படி மழைக்கு முந்திய சாம்பல் வானம், வெள்ளையடித்த சுவர் மாதிரி. தெரிந்த ஒன்றிரண்டு தடங்களை ஹீல் கருவி ஆற்றிவிட்டது. கடைசியாக 'ஸ்கேல் இமேஜ்' போட்டு 1080க்கு 2340. இப்போது மணி வானத்தில் நிற்கிறது, கலசங்கள் அதற்குக் கீழே. சாதித்த சந்தோஷத்தில் அரட்டைச் செயலியில் படமாக அனுப்பி, அது சுருங்கி மங்கிப் போய், மறுபடி கோப்பாக அனுப்பியது என் முட்டாள்தனம்.

என் கைப்பேசிக்கு வேறு தேவை. விடியற்காலை மூன்று மணிக்குக் காவலறை இருட்டில் திரையைத் தொட்டால் கண் கூசக்கூடாது. எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியின் நடைபாதையை மழை இரவில் எடுத்த படம் ஒன்று இருந்தது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் 'கர்வ்ஸ்' கோட்டைக் கீழே இழுத்து இன்னும் இருட்டாக்கினேன். ஓஎல்இடி திரையில் முழுக் கறுப்புப் புள்ளிகள் ஒளிர்வதே இல்லை, மின்கலமும் கொஞ்சம் மிச்சம். 3.0இல் எனக்கு மிகவும் பிடித்ததும் இங்கேதான்: எக்ஸ்சிஎஃப் கோப்பை வைத்திருந்தால், நேற்று வளைத்த கோட்டை இன்று திறந்து திருத்தலாம். போட்டது போட்டதுதான் என்ற பயம் இல்லை.

அப்புறம் தமிழ் எழுத்து. அந்தப் பழைய செயலியில் 'பொறுமை' என்று தட்டினால் ஒற்றைக்கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறி, இருந்த பொறுமையும் போய்விட்டது. கிம்ப்பில் நோட்டோ தமிழ் எழுத்துருவைத் தேர்ந்தெடுத்து எழுதினேன். கொம்பும் காலும் அதனதன் இடத்தில் நின்றன.

சும்மா வெட்டி ஒட்டினால் போதும் என்பவர்களுக்குக் கைப்பேசியில் இருக்கிற திருத்தும் வசதியே போதும். இதற்காகக் கணினி முன் உட்கார வேண்டாம். வானத்தை வளர்க்க வேண்டும், தமிழில் எழுத வேண்டும், காசும் கொடுக்கக்கூடாது என்றால் கிம்ப். பழக இரண்டு வாரமாவது ஒதுக்குங்கள். எடுக்கும்போதே பத்தடி பின்னால் போய், தலைக்கு மேல் தாராளமாக இடம் விட்டு எடுத்தால் பாதி வேலை மிச்சம். எனக்கு அது தாமதமாகத்தான் புரிந்தது.

மனைவியின் தங்கைக்கும் இப்போது அதே கோபுரம் வேண்டுமாம். அவள் திரை 720க்கு 1600. கணக்குப் போட்டேன், இன்னும் 117 புள்ளி வானம் பூச வேண்டும்.