ஓட்ராய்டு-கோ அட்வான்ஸ்: மூன்று வாரம் வீடியோவும் பழைய கேம்களும் ஓட்டிப் பார்த்ததில்

பெட்டியைத் திறந்தால் உள்ளே கேம் கருவி இருக்காது, அதன் பாகங்கள்தான் இருக்கும். ஒரு போர்டு, 3.5 அங்குலத் திரை, 3000 எம்ஏஎச் பேட்டரி, பட்டன்களுக்கு அடியில் வைக்கிற ரப்பர்கள், அப்புறம் உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் கூடு. தென் கொரியாவின் ஹார்ட்கர்னல் 2020 தொடக்கத்தில் 55 டாலருக்கு விற்பனைக்குக் கொண்டுவந்த ஓட்ராய்டு-கோ அட்வான்ஸ் இது. சின்ன லினக்ஸ் போர்டுகள் செய்வதுதான் அவர்கள் தொழில், அதனால் இதையும் புரோகிராம் எழுதிப் பார்க்கிறவர்கள் கையில் கொடுக்கிற கருவியாகவே செய்திருக்கிறார்கள், வெளியே கம்பி இழுத்து வேறு எதையாவது இணைத்துப் பார்க்க 10 பின் இணைப்பு கூட உண்டு. நிதானமாகப் பூட்டினால் அரை மணி நேர வேலை. திரையிலிருந்து வருகிற அந்தத் தட்டைக் கேபிளை மட்டும் அழுத்தித் தள்ளாதீர்கள்.

உள்ளே ராக்சிப் நிறுவனத்தின் ஆர்கே3326 சிப். நான்கு கார்டெக்ஸ்-ஏ35 கோர்கள், 1.3 ஜிகாஹெர்ட்ஸ், மாலி-ஜி31 கிராபிக்ஸ், 1 ஜிபி ராம். இந்த எண்களைப் பார்த்து "இவ்வளவுதானா" என்று நினைக்கிறவர்கள் அடுத்த எண்ணையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்: திரை 480-க்கு 320 பிக்சல். இந்தக் கருவியின் நல்லது கெட்டது முக்கால்வாசி இந்த ஒரு எண்ணில்தான் இருக்கிறது.

நிண்டெண்டோவின் பழைய கையடக்கக் கேம் கருவியான கேம்பாய் அட்வான்ஸின் திரை 240-க்கு 160. நீளத்திலும் உயரத்திலும் சரியாக இரண்டு மடங்கு. பழைய பிக்சல் ஒவ்வொன்றும் இங்கே நான்கு பிக்சலாக உட்காருகிறது, ஓரத்தில் கறுப்புப் பட்டையும் இல்லை, நடுவில் இழுவையும் இல்லை. இதைக் கண்ணால் பார்க்க 160பி டெஸ்ட் சூட் என்ற இலவசச் சோதனை நிரலை எம்ஜிபிஏ என்ற எமுலேட்டரில், அதாவது பழைய கருவி மாதிரி நடித்து அதன் ஆட்டங்களை ஓட்டும் மென்பொருளில், ஓட்டினேன். அதில் ஒரு பிக்சல் கறுப்பு, ஒரு பிக்சல் வெள்ளை என்று சதுரங்கப் பலகை மாதிரி ஒரு படம் வரும். கருவியை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், ஒரு கட்டம் கூடப் பெரிதாகவோ சிறிதாகவோ இல்லை, மாவுச் சல்லடை மாதிரி அத்தனை சீர். அடுத்து சூப்பர் நிண்டெண்டோவுக்கான 240பி டெஸ்ட் சூட். அதன் படம் 256-க்கு 224, இந்தத் திரையில் நிரப்ப 1.43 மடங்கு பெருக்க வேண்டும். ஒன்றே கால் பிக்சல், ஒன்றரைப் பிக்சல் என்று திரையில் வரைய முடியாதே, அதனால் சில வரிசை தடிமனாகவும் சில வரிசை மெல்லியதாகவும் வருகிறது. நின்ற படத்தில் பெரிதாகத் தெரியாது. படத்தை நகர்த்தினால் அலை அலையாக மினுங்கும். பிக்சல் ஓரங்களை மழுக்கும் வடிகட்டியைப் போட்டால் மினுக்கம் போகும், கூர்மையும் கூடவே போகும். எனக்கு மழுங்கலே பரவாயில்லை, உங்கள் கண் வேறு சொல்லலாம்.

பழைய கேம்பாய் 160-க்கு 144, அதையும் இரண்டு மடங்காக்கினால் 320-க்கு 288, சுற்றிலும் கறுப்பு விட்டு அப்படியே பொருந்துகிறது. சோனியின் கையடக்கக் கருவியான பிஎஸ்பியின் 480-க்கு 272 அகலத்தில் அச்சாக உட்கார்ந்து, மேலும் கீழும் 24 வரிசை மட்டும் காலியாக விடுகிறது. ஆனால் பிஎஸ்பி விஷயத்தில் திரை பொருந்துவது மட்டும் போதாது, அதைப் பிறகு சொல்கிறேன்.

வீடியோவுக்கு வருவோம். முதல் முறை எம்பிவி பிளேயரில் ஒரு கோப்பைத் திறந்தபோது படம் பக்கவாட்டில் படுத்துக் கிடந்தது. கோப்பில் தவறு இல்லை. இதில் இருக்கும் திரை உண்மையில் 320 அகலம், 480 உயரம் கொண்ட நிமிர்ந்த திரை, அதைப் படுக்க வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். ஆகவே ஒவ்வொரு பிரேமையும், அதாவது வீடியோவின் ஒவ்வொரு தனிப் படத்தையும், யாராவது 90 டிகிரி திருப்பித் தர வேண்டும். சிபியு திருப்பினால் அந்த வேலையே ஒரு சுமை. கிராபிக்ஸ் சிப்பிடமோ, ராக்சிப்பில் இதற்கென்றே இருக்கும் ஆர்ஜிஏ என்ற பகுதியிடமோ ஒப்படைத்தால் சிபியுவுக்குத் தெரியவே தெரியாது. அதே 720பி கோப்பு சிபியு திருப்பும்போது வேகமான காட்சிகளில் பிரேம்களை விட்டது, கிராபிக்ஸ் சிப் திருப்பும்போது ஒன்றைக்கூட விடவில்லை. இப்படிப்பட்ட கருவியில் "வீடியோ ஓடுமா" என்று கேட்பவருக்கு ஆம், இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாததற்குக் காரணம் இதுதான், எந்த வழியாக ஓட்டினீர்கள் என்பதைச் சொல்லாமல் ஓட்டத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

சோதனைக்கு பிளெண்டர் அறக்கட்டளை இலவசமாக வெளியிட்ட அனிமேஷன் குறும்படம் ஒன்றை எடுத்துக்கொண்டேன், விலங்கின் ரோமமும் புல்லும் நிறைய வரும், சுருக்கி வைத்த வீடியோவை விரித்துத் தரும் டிகோடருக்கு நல்ல வேலை. எச்.264 என்ற சுருக்க முறையில் இருந்த 720பி கோப்பு சிபியு டிகோடிங்கிலேயே நிம்மதியாக ஓடியது. 1080பி ஓடும், ஆனால் நான்கு கோர்களும் மூச்சு வாங்கும், காட்சி மாறும் இடங்களில் திணறும். இன்னும் இறுக்கமாகச் சுருக்கும் எச்.265 முறையில் 10 பிட் நிறத்தோடு இருந்த 1080பி கோப்பை சிபியுவை மட்டும் நம்பி ஓட்ட முடியவில்லை, ஒலி முன்னே போய்விட்டது. சிப்பிலேயே எச்.264, எச்.265 இரண்டுக்கும் 1080பி வரை வன்பொருள் டிகோடர் இருக்கிறது, அதைப் பயன்படுத்தத் தெரிந்த கர்னலும் (லினக்ஸின் மையப் பகுதி) பிளேயரும் சேர்ந்து அமைந்தால்தான் அது கைக்கு வரும்.

சரி, 3.5 அங்குலத் திரைக்கு 1080பி எதற்கு? நான் செய்வது இதுதான்: கணினியிலேயே எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் நிரலில் 480-க்கு 270 ஆக மாற்றிவிடுகிறேன். 16:9 படத்துக்கு அந்த அளவு கணக்காகப் பொருந்துகிறது, கோப்பும் சிறியது, கோர்களில் பாதி தூங்குகிறது, பேட்டரியும் நீடிக்கிறது. ஒன்று மட்டும் மாறாது. நொடிக்கு 24 பிரேம் உள்ள படத்தை 60 முறை புதுப்பிக்கும் எந்தத் திரையில் போட்டாலும் ஒரு பிரேம் மூன்று முறையும் அடுத்த பிரேம் இரண்டு முறையும் நிற்கும், கேமரா மெதுவாக நகரும் காட்சியில் சின்னக் குலுக்கல் தெரியும். இது கருவியின் குறை இல்லை. நம் ஊர்ப் பழைய தொலைக்காட்சிப் பதிவுகள் 25 பிரேம், அவற்றிலும் இதே கதைதான்.

எமுலேஷனில் எனக்குப் பெரிய பாடம் சோனியின் முதல் பிளேஸ்டேஷனில் கிடைத்தது. பிசிஎஸ்எக்ஸ் ரீஆர்ம்டு ஏஆர்எம் சிப்களுக்கென்றே செதுக்கிய எமுலேட்டர். நான் முதலில் போட்டது 64 பிட் பதிப்பு, என் கையில் இருந்த அந்தப் பதிப்பில் பழைய கட்டளைகளை இந்தச் சிப்பின் கட்டளைகளாக முன்கூட்டியே மாற்றி வைக்கும் ரீகம்பைலர் இல்லை, ஒவ்வொரு கட்டளையாகப் படித்துப் படித்து ஓட்டுகிறது. ஆட்டம் சேற்றில் நடப்பது போல் இருந்தது. 32 பிட் பதிப்புக்கு மாறினேன், அதே சிப், அதே கேம், முழு வேகம். ஆகவே யாராவது "ஆர்கே3326-இல் பிளேஸ்டேஷன் ஓடாது" என்றால் எந்தப் பதிப்பு என்று கேளுங்கள்.

வேகத்தை அளக்க நான் பிரேம் எண்ணிக்கையைவிடக் காதைத்தான் நம்புகிறேன். மூலையில் 60 என்று காட்டிக்கொண்டே இருக்கும், ஆனால் இசையில் ஒரு சின்னக் கரகரப்பு கேட்கும், எமுலேட்டர் அந்த நொடியில் பின்தங்கிவிட்டது என்று அர்த்தம். இதன் ஒற்றை ஸ்பீக்கரில் அது சரியாகப் பிடிபடாது, ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். சிபியு வேகத்தைத் தேவைக்கேற்ப ஏற்றி இறக்கும் அமைப்பை நிறுத்திவிட்டு எப்போதும் முழு வேகத்தில் வைத்தபோது பாதிக் கரகரப்பு அடங்கியது.

பிஎஸ்பிக்கு பிபிஎஸ்எஸ்பிபி என்ற எமுலேட்டர். 2டி ஆட்டங்களும் எளிய 3டி ஆட்டங்களும் நன்றாக வருகின்றன, கனமானவற்றுக்குப் பிரேம்களைத் தாண்டவிட வேண்டும், அப்போதும் சில இடங்களில் இழுக்கிறது. நிண்டெண்டோ 64, டிரீம்காஸ்ட் இரண்டும் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறுகிறது. அவற்றுக்காக மட்டும் இதை வாங்க வேண்டாம்.

இடையில் ஒரு நாள் கருவி எழவே இல்லை. போர்டு போய்விட்டது என்று பயந்து கூட்டைக்கூடத் திறந்துவிட்டேன். கடைசியில் பார்த்தால் மலிவாகக் கிடைத்ததே என்று வாங்கிய மெமரி கார்டுதான் அதில் எழுதியிருந்ததை இழந்திருந்தது, என் சொந்தக் காட்ரிஜ்களிலிருந்து எடுத்து வைத்த ஆட்டச் சேமிப்புகளில் இரண்டு போயின. பத்து வருடத்துக்கு முன் விளையாடி நிறுத்திய இடம் அது, இன்னும் வருத்தமாக இருக்கிறது. கார்டில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள், வாரம் ஒரு முறை நகல் எடுங்கள்.

முதல் பதிப்பில் வைஃபை கிடையாது, யுஎஸ்பி துளையில் வைஃபை குச்சி செருகிக்கொள்ள வேண்டும். அனலாக் குச்சி இடப்பக்கம் ஒன்றுதான், மேல் விளிம்பில் இருக்கும் தோள் பட்டனும் பக்கத்துக்கு ஒன்றுதான். பின்னால் வந்த கறுப்புப் பதிப்பில் வைஃபை, யுஎஸ்பி-சி சார்ஜ், கூடுதலாக இரண்டு தோள் பட்டன் எல்லாம் சேர்த்துவிட்டார்கள், பிளேஸ்டேஷன் ஆடுகிறவர்களுக்கு அந்தத் தோள் பட்டன்கள் அவசியம், இரண்டில் ஒன்று கிடைக்கும் என்றால் கறுப்பையே எடுங்கள். கேம்பாய் அட்வான்ஸ் மட்டும் போதும் என்கிறவர்களுக்கு முதலில் வந்த வெள்ளைப் பதிப்பே தாராளம். நேற்று இரவு கூட சார்ஜ் போடாமல் ஆறு மணி நேரத்துக்கு மேல் அதில்தான் ஆடிக்கொண்டிருந்தேன்.