கிளாங்-ஃபார்மட்டுடன் நாலு வருஷம்: வரியைக் கொடுத்தோம், கமென்டைத் திரும்ப வாங்கிக்கொண்டோம்

மோட்டார் கன்ட்ரோலருக்கு ஃபர்ம்வேர் (சாதனத்துக்குள்ளேயே ஓடும் நிரல்) எழுதும் ஆறு பேர் கொண்ட டீம் எங்களுடையது. பாதி சி, பாதி சி++. 2021-ல் கிளாங்-ஃபார்மட்டை, அதாவது நிரலின் இடைவெளியையும் வரி உடைப்பையும் தானே ஒழுங்குபடுத்தும் டூலை, எங்கள் ரெப்போவுக்குள் (நிரல் எல்லாம் இருக்கும் களஞ்சியம்) கொண்டுவந்தோம். பெரிய கொள்கை எதுவும் இல்லை. ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் பார்க்கும் ரிவ்யூவில் வரும் குறிப்புகளில் பாதி "பிரேஸைக் கீழே போடு", "இங்கே ஸ்பேஸ் எங்கே" என்றே இருந்ததுதான் காரணம். அந்தச் சண்டை முதல் வாரத்திலேயே ஓய்ந்தது. மிச்சம் இரண்டு: வரியை எங்கே உடைப்பது, கமென்டை (நிரலுக்கு நடுவில் மனிதர்களுக்காக எழுதும் குறிப்பு) டூல் தொடலாமா கூடாதா.

வரி விஷயம் எனக்குப் பிடிபடவே ஆறு மாதம் ஆனது. 80 எழுத்தைத் தாண்டினால் கண்ட இடத்தில் வெட்டும் டூல் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஒவ்வொரு இடத்தில் உடைப்பதற்கும் அது ஓர் அபராதம் வைத்திருக்கிறது. மொத்த அபராதம் எந்த வழியில் குறைவோ அந்த வழியில் உடைக்கும். எங்கள் ஃபங்ஷன் பெயர்கள் கொஞ்சம் நீளம். அதனால் ரிட்டர்ன் டைப் (ஃபங்ஷன் திருப்பித்தரும் மதிப்பின் வகை) மட்டும் ஒரு வரியில் தனியாக நிற்க, பெயர் கீழே இறங்கிவிடும். பார்க்கவே சகிக்காது. 'பெனால்ட்டி ரிட்டர்ன் டைப் ஆன் இட்ஸ் ஓன் லைன்' என்ற ஆப்ஷன்தான் இதற்கான அபராதம்; டூலோடு வரும் தயார் ஸ்டைல்களில் எல்எல்விஎம் ஸ்டைலில் 60, கூகுள் ஸ்டைலில் 200. நாங்கள் 200-க்கு மாற்றியதும் பெரும்பாலான இடங்களில் சரியானது. இந்த அபராத எண்களை மனம்போன போக்கில் திருகாதீர்கள். ஒன்றை ஏற்றினால் சம்பந்தமே இல்லாத வேறொரு ஃபைலில் வரி குதிக்கும்.

எல்எல்விஎம் ஸ்டைலில் அடைப்புக்குறிக்கு நேராக ஆர்கியுமென்ட்கள் வரிசை கட்டி நிற்கும். அழகுதான். ஆனால் ஃபங்ஷன் பெயரில் இரண்டு எழுத்து கூடினால் கீழே உள்ள நாலு வரியும் இரண்டு இடம் நகரும். மாற்றியது ஒரு பெயர், டிஃப்பில் (மாறிய வரிகளின் பட்டியல்) தெரிவது ஐந்து வரி. 'அலைன் ஆஃப்டர் ஓபன் பிராக்கெட்'டை 'ஆல்வேஸ் பிரேக்' என்று வைத்து, 'பின் பேக் ஆர்கியுமென்ட்ஸ்' ஆப்ஷனை அணைத்தோம். இப்போது ஆர்கியுமென்ட்கள் ஒரே வரியில் அடங்கும், அடங்காவிட்டால் ஆளுக்கொரு வரி. டிஃப் அடங்கிவிட்டது. நிரல் கொஞ்சம் உயரமாகத் தெரிகிறது, பரவாயில்லை.

3×3 மேட்ரிக்ஸ் ஒன்றை டூல் ஒன்பது எண்ணாக ஒரே வரியில் தட்டி வைத்துவிட்டது. ஒவ்வொரு வரிசையின் கடைசியிலும் வெறும் // (கமென்டின் தொடக்கக் குறி) போட்டால் அங்கே உடைத்தே ஆகவேண்டும், கமென்டுக்குப் பின்னால் எதையும் ஒட்ட முடியாது அல்லவா! பிரேஸுக்குள் இருக்கும் பட்டியலின் கடைசியில் ஒரு கமா வைத்தாலும் ஆளுக்கொரு வரியாகப் பிரித்துக்கொடுக்கும்.

80 என்பது 1928-ல் ஐபிஎம் கொண்டுவந்த பஞ்ச் கார்டின் அகலம். லினக்ஸ் கர்னலில் நிரலின் ஸ்டைலைச் சரிபார்க்கும் செக்பேட்ச் ஸ்கிரிப்ட்டே 2020-ல் எச்சரிக்கை எல்லையை 100-க்கு ஏற்றிவிட்டது. நாங்களும் பிற்பாடு 100-க்குப் போனோம். நடுவில் இரண்டு வாரம் 'காலம் லிமிட்'டை 0 என்று வைத்துப் பார்த்தோம். எல்லையே இல்லை என்று அர்த்தம். அவரவர் உடைத்த இடத்தைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடும். அவரவர் பழைய பழக்கமும் அப்படியே திரும்பி வந்தது.

வரி உடைப்பில் நான் முதலில் அணைக்கச் சொல்வது 'பிரேக் ஸ்ட்ரிங் லிட்டரல்ஸ்'. நீளமான லாக் மெசேஜை இரண்டு துண்டாக வெட்டிவிடும். களத்திலிருந்து வந்த லாக்கில் உள்ள வாக்கியத்தை கிரெப்பில் (ஃபைல்களுக்குள் சொல்லைத் தேடும் டூல்) போட்டால் ரெப்போவில் எதுவும் கிடைக்காது. கர்னல் ஆட்களும் இதே காரணத்துக்காகத்தான் மெசேஜை உடைக்கக்கூடாது என்கிறார்கள்.

இனி கமென்ட். சிப்பைக் கட்டுப்படுத்தும் ரெஜிஸ்டர்களின் அட்டவணைகள் எங்களிடம் கமென்டில்தான் இருக்கும். பிட் எண், பெயர், விளக்கம், கடைசியில் ரீசெட் மதிப்பு (சிப் புதிதாகத் தொடங்கும்போது அந்த பிட்டில் இருக்கும் 0 அல்லது 1). சில அட்டவணைகளின் வரிகள் 80-ஐத் தாண்டியிருந்தன. நீளமான கமென்டை மடித்து அடுக்கும் 'ரீஃப்ளோ கமென்ட்ஸ்' சொல்லாமலேயே இயங்கும் ஆப்ஷன். மொத்த ரெப்போவையும் ஃபார்மட் செய்த அந்த முதல் கமிட்டில் (ரெப்போவில் பதியும் ஒரு மாற்றம்), வரியின் வாலில் இருந்த எண்ணை வெட்டி அடுத்த வரியின் தலையில் ஒட்டிவிட்டது:

// பிட் 5 ஓவர்கரன்ட் லாட்ச், 1 எழுதினால் கிளியர் ஆகும்
// 1 பிட் 6 கேட் டிரைவர் எனேபிள், ஃபால்ட் இல்லாதபோது மட்டும்
// 0 பிட் 7 ...

தலையில் உள்ள 1 உண்மையில் ஐந்தாம் பிட்டுக்குரியது. புதிதாகச் சேர்ந்த பையன் ஆறாம் பிட் ரீசெட்டிலேயே 1 என்று படித்து, அதை செட் செய்யாமல் விட்டான். எர்ரர் இல்லை, ஃபால்ட் இல்லை, மோட்டார் மட்டும் சுற்றவில்லை. ஆசிலோஸ்கோப்பும் கையுமாக ஒன்றரை நாள் போனது. கடைசியில் ஹார்டுவேர் அண்ணன் வந்து திரையை எட்டிப்பார்த்தார். "தம்பி, இந்த அட்டவணை ஏன் இப்படிக் கலைஞ்சு கிடக்கு? டேட்டாஷீட்டைத் திறந்து பாத்தீங்களா?" என்றார். பல்லாயிரம் வரி டிஃப்பை ரிவ்யூ செய்து ஒப்புதல் கொடுத்தவன் நான்தான். பையனைக் குறை சொல்ல ஏதுமில்லை.

அன்றே 'ரீஃப்ளோ கமென்ட்ஸ்' அணைந்தது. பதிப்பு 20-லிருந்து இதற்கு மூன்று நிலை உண்டு. அதில் 'இன்டென்ட் ஒன்லி' எனக்குப் பிடித்திருக்கிறது: கமென்டை உள்ளே வெளியே தள்ளும், உள்ளே இருப்பதைக் கலைக்காது. அதற்கு முன்பு அட்டவணைக்கு மேலே 'கிளாங்-ஃபார்மட் ஆஃப்' எழுதிக்கொண்டிருந்தோம். கீழே 'ஆன்' எழுத மறந்தால் ஃபைலின் கடைசிவரை ஃபார்மட் நடக்காது, டூலும் வாய் திறக்காது. எங்களிடம் ஒரு ஃபைல் அப்படியே பல மாதம் கிடந்தது.

வரியின் கடைசியில் வரும் கமென்ட்களை நேராக அடுக்கும் ஆப்ஷனை மட்டும், டிஃப் பெருகினாலும் பரவாயில்லை என்று வைத்திருக்கிறேன். enum பட்டியலை (பெயர் வைத்த எண்களின் பட்டியல்) படிக்க அதுதான் வசதி. கமென்டைத் தமிழில் எழுதினால் அந்த நேர்கோடு கண்ணுக்குத் தெரியாது. எங்கள் எடிட்டரில் தமிழ் எழுத்துகள் ஒரே அகலத்தில் வருவதில்லை.

பதிப்பைப் பூட்டிவிடுங்கள். ஒருவர் எடிட்டரில் ஒரு பதிப்பும் பில்டு சர்வரில் இன்னொன்றும் இருந்தால் ஒரே ஃபைல் தினமும் ஊஞ்சலாடும். நாங்கள் பிப் என்ற நிறுவும் டூல் வழியாக ஒரே பதிப்பை எல்லோருக்கும் நிறுவுகிறோம். எந்த வரியை எந்த கமிட் மாற்றியது என்று காட்டும் கிட் பிளேமில் எல்லா வரிக்கும் ஃபார்மட் கமிட்டே வருகிறது என்று கவலைப்பட வேண்டாம். கிட் 2.23 முதல் அந்த கமிட்டின் ஹேஷை (அதன் அடையாள எண்) ஒரு ஃபைலில் எழுதி ஒதுக்கச் சொல்லலாம்.

இப்போது இந்த ஆப்ஷன்களை எழுதி வைக்கும் எங்கள் யாமல் ஃபைல் ஒரு திரைக்குள் அடங்கிவிடும். அதில் ரீஃப்ளோ வரிக்கு மேலே மட்டும் ஒரு கமென்ட் இருக்கிறது: "இதை மாத்துறதுக்கு முன்னாடி ஹார்டுவேர் அண்ணனைக் கேளு."