சறுக்குமரத்தைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் பிள்ளையை ஏற்றுவேன்

எலும்பு முறிவு வார்டில் நர்ஸாக இருப்பவளிடம் ஒரு பூங்கா எப்படி இருக்கிறது என்று கேட்டால், பெயின்ட் நிறத்தைச் சொல்ல மாட்டாள், தரையைத்தான் சொல்வாள். எனக்கு மகன் 6 வயது, மகள் 3 வயது. வீடு நாகர்கோவிலில். ஞாயிற்றுக்கிழமை ட்யூட்டி இல்லையென்றால் மாமியார் வறுத்துத் தரும் ஏத்தங்காய் சிப்ஸையும் ஒரு பழைய துண்டையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவோம். துண்டு எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

போனதும் முதல் வேலை, சறுக்குமரத்தின் மேல் புறங்கையை வைத்துப் பார்ப்பது. தகரச் சறுக்கு மேற்கே பார்த்திருந்தால் மாலை 4 மணிக்குத் தோசைக்கல்தான். புறங்கை 5 எண்ணும்வரை தாங்கவில்லையென்றால் அன்றைக்குச் சறுக்கு கிடையாது, ஊஞ்சல் மட்டும். அடுத்தது கம்பிகளுக்கு இடையிலான இடைவெளி. 3.5 அங்குலத்துக்கு மேல், 9 அங்குலத்துக்குக் கீழ் இருக்கும் சந்துகளில் குழந்தையின் உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும் என்று அமெரிக்க அரசின் பாதுகாப்புக் கையேடு சொல்கிறது. ஸ்கேல் எல்லாம் எடுத்துப் போவதில்லை, என் கை விரல்கள் நான்கையும் சேர்த்து வைத்தால் ஏறக்குறைய 3 அங்குலம்.

நகரத்துக்குள் அவசரத்துக்கு வேப்பமூடு பூங்கா. மணிமேடைப் பக்கம் கடைக்குப் போகிற வழியில் அரை மணி நேரம் பிள்ளைகளை இறக்கிவிட ஏற்ற இடம், அவ்வளவுதான். ஞாயிறு சாயங்காலம் போனால் ஊஞ்சலுக்கு வரிசை.

மாத்தூர் தொட்டிப்பாலத்தின் கீழே இருக்கும் சிறுவர் பூங்காவுக்குப் போகிறவர்கள் பாலத்தைப் பார்க்கத்தான் போகிறார்கள். ஆற்றுக்கு மேலே வாய்க்கால் தண்ணீரைக் கொண்டுபோகும் பாலம் அது; 1966-இல் கட்டியது, உயரம் சுமார் 115 அடி. மேலே வாய்க்கால் தண்ணீரை ஒட்டி நடைபாதை. மகள் நடுவில் நின்று, "அம்மா, கீழ ஆறு ஓடுது" என்று கம்பி வழியாக எட்டிப் பார்த்தபோது எனக்கு வயிற்றில் பட்டாம்பூச்சி இல்லை, பாம்பே ஊர்ந்தது. இடுப்பில் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். படி இறங்கிப் பறளியாற்றுப் பக்கம் வந்தால்தான் பிள்ளைகளுக்கான இடம். மேலே வரும்போது மூச்சு வாங்கும், மூன்று வயதுக்காரியை யார் தூக்குவது என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பிடித்தது உதயகிரிக்கோட்டை. புலியூர்க்குறிச்சியில், தக்கலைக்குப் பக்கம். கோட்டைக்குள்ளே வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா. மரம், மரம், மரம். நிழலிருந்தால் சறுக்கின் சூட்டைப் பற்றிக் கவலையில்லை, அம்மாவுக்கும் தலைவலி வராது. உள்ளே டிலனாய் கல்லறை இருக்கிறது. 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி, பிறகு அவரைத் தோற்கடித்த திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவின் படையிலேயே சேர்ந்தவர். "தோத்தவரை எதுக்கு அம்மா வேலைக்கு வச்சாங்க?" என்று மகன் கேட்டான். நல்ல கேள்வி. சிப்ஸைக் கையில் கொடுத்தேன்.

இனி குறை. நகரில் ஒரு பூங்கா, பெயர் வேண்டாம். சறுக்கின் அடியில் மண் தேய்ந்து சிமென்ட் தளம் தெரிந்தது. நாலடி உயரத்திலிருந்து விழுந்தாலே 9 அங்குல மணல் வேண்டும் என்பது கணக்கு. அங்கே அரை அங்குலம்கூட இல்லை. தகடுகள் சேருமிடத்தில் ஒரு மூலை தூக்கி நின்று, என் மகனின் காக்கி நிக்கரைக் கிழித்தது. தோல் தப்பியது. சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த முறை போனபோது, தூக்கிய மூலையில் ஒரு கல்லை வைத்திருந்தார்கள்.

எல்லாப் பூங்காவிலும் பார்க்கிற இன்னொன்று: பயந்த குழந்தையை மடியில் உட்காரவைத்து அப்பாவும் சேர்ந்து சறுக்குவது. பாசம்தான், ஆனால் எங்கள் வார்டுக்கு அது நல்லதல்ல. குழந்தையின் செருப்பு ஓரத்தில் உரசி நின்றுவிடும், பெரியவரின் எடை நிற்காது. முழங்காலுக்குக் கீழ் எலும்பு முறிந்து வருகிற சின்னப் பிள்ளைகளில் இந்தக் கதையோடு வருபவர்கள் உண்டு. தனியாக ஏறத் தெரிந்தால் ஏறட்டும், தெரியாவிட்டால் கீழே இருக்கும் மண்ணில் விளையாடட்டும்.

துண்டு விஷயத்துக்கு வருகிறேன். நம் மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்யும்; ஆகவே ஊஞ்சலுக்கடியில் குளமும் சறுக்கின் முனையில் குட்டையும் வருடத்தில் பாதி நாள் உண்டு. சறுக்கைத் துடைத்துவிட்டு உட்காரவைக்கத்தான் துண்டு. மற்ற அம்மாக்களும் வாங்கிக்கொள்வார்கள். ஒரு முறை திரும்பவே இல்லை.

போன வாரம் மகனிடம், இதில் எந்தப் பூங்கா பிடிக்கும் என்று கேட்டேன். உதயகிரி என்பான் என நினைத்தேன். "நிக்கர் கிழிஞ்ச பார்க்குதான். அங்க பையன்கள் நிறைய வருவாங்க." ஒருக்கப் போகலாம் என்று கையைப் பிடித்து இழுக்கிறான். புது நிக்கர் வேண்டாம், பழையதே போட்டுவிடுகிறேன்.